பிரஷ் மேடத்தின் மாநாடு

மேஜையில் சிந்திய பிஸ்கட் தூளைக் கையால் தட்டிவிட வந்தவரைத் தடுத்து, கைப்பையிலிருந்து சின்ன பிரஷ்ஷை எடுக்கிறார் மேடம். ஓரத்திலிருந்து உள்பக்கமாக, ஒரு துளிகூடத் தரையில் விழாமல் கூட்டி ஒதுக்குகிறார். "பொறுமை, பொறுமை. யாரும் கை வைக்காதீங்க." மாநாட்டுக் குழு அதுவரை காத்திருக்கிறது. பல்கலைக்கழகத்தில் இவர் தொல்லியல் பேராசிரியர். பிரஷ் மேடம் என்று கேட்டால்தான் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும்.

வீட்டிலும் இதே கதைதான். சமையலறையில் தட்டு விழுந்து உடைந்தால் துண்டுகளை யாரும் தொடக்கூடாது. பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்த பிறகுதான் துடைப்பம் வரும். "நான் வழுக்கி விழுந்தாலும் ஸ்கேல் வச்சு போட்டோ எடுத்துட்டுத்தான் தூக்கிவிடுவா" என்று கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "உங்களுக்கு எதுக்கு ஸ்கேல்? அந்தத் தொப்பையே போதும்" என்பார் இவர், சிரிக்காமல்.

தொல்லியலையும் கணினியையும் சேர்த்து ஓர் உலக மாநாடு நடத்த வேண்டும் என்பது இவருடைய நெடுநாள் ஆசை. இவர் தோண்டியெடுத்த உடைந்த பானைத் துண்டுகள் ஆராய்ச்சிக்கூடத்தில் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. எந்தத் துண்டு எதோடு சேரும் என்று கையால் பொருத்திப் பார்த்து முடிக்க ஓர் ஆயுள் போதாது. கணினிக்காரர்கள் மனசு வைத்தால் நடக்கும். ஆனால் அவர்களையும் மண் தோண்டுகிறவர்களையும் ஓரிடத்தில் உட்கார வைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். போன வருஷம் நடத்திய சின்னக் கூட்டத்தில் இவர்கள் ஜன்னலோரம், அவர்கள் பிளக் பாயின்ட் ஓரம்; சாப்பாட்டு நேரத்தில்கூட ஒட்டவில்லை. துறைத்தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் ரெண்டு கூட்டமா பிரிஞ்சு உக்காந்தா, இதோட மூட்டை கட்டிடுவோம் மேடம்." அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்கவில்லை.

இவருடைய வலது கை, கணினித் துறைத் தம்பி. உடன்பிறந்தவர் இல்லை; 'அக்கா, அக்கா' என்று கூப்பிட்டே காரியம் சாதிக்கிற உதவிப் பேராசிரியர். தோண்டுகிறவர் ஒருவர், கணினிக்காரர் ஒருவர் என்று நாற்காலிகளை மாற்றி மாற்றி ஒதுக்க அவர் ஒரு புரோகிராம் எழுதினார். "எங்க ஓடினாலும் எதிர்க்கட்சி பக்கத்துலதான் உக்காந்தாகணும், அக்கா!" அதிலேயே மூழ்கிக் கிடந்ததால், மேடம் எல்லோருக்கும் அனுப்பிய நிகழ்ச்சி நிரலை அவர் பார்க்கவே இல்லை.

அது ஓர் அழகான படம். குழி வெட்டினால் தெரியும் மண்ணடுக்குகள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக வண்ணப் பட்டைகள், பட்டைக்கு ஒரு நிகழ்ச்சி. நாள், நேரம் எதுவும் கிடையாது. மண்ணில் யார் தேதி எழுதி வைத்தார்கள் என்பது மேடத்தின் கட்சி. முதல் நாள் காலையில் விடுதிக்கு பஸ் வரும் என்று மட்டும் தனியே குறிப்பிட்டிருந்தார்.

அந்தக் காலையும் வந்தது. அரங்கில் ஒன்று விட்டு ஒன்று நாற்காலி காலி. தோண்டுகிறவர்கள் அத்தனை பேரும் ஆஜர். மருந்துக்குக்கூட ஒரு கணினிக்காரர் இல்லை. தம்பி அவசரமாக அந்தப் படத்தை விரித்துப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, தொடக்க விழாவைக் கடைசியில போட்டிருக்கீங்க!"

"கடைசியில இல்லப்பா, அடியில. முதல்ல நடக்கிறது அடியிலதானே இருக்கும்?"

சொல்லி முடிப்பதற்குள் மேடத்துக்கே விளங்கிவிட்டது. மண்ணில் பழையது அடியில் கிடக்கும், புதியது மேலே இருக்கும். தோண்டுகிறவர்கள் ஒரு கேள்வி கேட்காமல் கீழிருந்து படித்து அரங்குக்கு வந்துவிட்டார்கள். கணினிக்காரர்களோ ஊர் உலகத்தைப் போல மேலிருந்து படித்திருக்கிறார்கள். உச்சிப் பட்டையில் இருந்தது கடைசி நாள் நிகழ்ச்சி: 'அகழ்விடத்துக்கு பஸ் பயணம்'. அதனால் விடுதியிலிருந்து கூட்டி வந்த பஸ்ஸை விட்டு அவர்கள் இறங்கவே இல்லை. பிரிந்து உட்காரக்கூடாது என்று பாடுபட்டு, கூட்டத்தைத் தன் கையாலேயே இரண்டாகப் பிரித்தாயிற்று.

மேடம் வாசலுக்கு ஓடினார். வேடிக்கை பார்க்கும் ஆசையை அடக்கமாட்டாமல் தோண்டுகிறவர் கூட்டமும் பின்னாலேயே வந்தது. பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்த நரைத்த தாடிக்காரர் ஒருவர், உள்ளே ஒரு பெண்ணின் லேப்டாப்பில் சுழன்றுகொண்டிருந்த பானையைக் கண்டு, "அந்த வாய் அந்தப் பானையோடது இல்லம்மா!" என்று கத்தினார்.

"பொருந்துதே! மேல வாங்க, காட்டறேன்" என்றாள் அவள்.

அவர் ஏறினார். அவருக்குப் பரிந்து பேச இன்னும் இருவர் ஏறினார்கள். அவர்களை மறுக்க நாலு பேர். கொஞ்ச நேரத்தில் இருவர் இருக்கையில் மூவர், நடுவழியெல்லாம் தலைகள், யார் எந்தக் கட்சி என்று பிரிக்க முடியாத கூச்சல். மேடம் படிக்கட்டில் நின்று பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத் துறைத்தலைவர் வந்து சேர்ந்தார். "என்ன மேடம் இது கூத்து? ஹால்ல மைக் எல்லாம் ரெடி. இறங்கி வரச் சொல்லுங்க."

மேடம் ஒரு படி மேலே ஏறி இடம்விட்டு, கையை நீட்டி அவரை உள்ளே இழுத்துக்கொண்டு, பஸ் கதவைச் சாத்தினார்.