ஹலோ அக்காவும் நான்கு வரி விளம்பரமும்

என் அக்காவுக்குத் தெருவில் ஹலோ அக்கா என்று பெயர். பத்தொன்பது வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தொலைபேசி அறையில் உட்கார்ந்து, வருகிற அழைப்புகளை வார்டு வார்டாகப் பிரித்துக் கொடுத்தவள். தெருவில் யார் கூப்பிட்டாலும் "ஹலோ, சொல்லுங்க" என்றுதான் திரும்புவாள். தும்மல் வந்தால்கூட, ஒரு நிமிஷம் லைனில் இருக்கச் சொல்லிவிட்டுத்தான் தும்முவாள் என்று நான் கேலி செய்வேன். அவளும் சளைக்காமல், டயர் கிடங்கில் சரக்கு இறக்கி இறக்கி என் மூளையும் ரப்பராகிவிட்டது என்பாள்.

நாற்பத்தாறு வயதில் அவளுக்கு வேலை போயிற்று. ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்த வேலையை வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்று நாள் சாப்பாட்டுத் தட்டை வெறித்துப் பார்த்தாள். நான்காம் நாள் குளித்து, தலைவாரி, ஒன்பது இடங்களுக்கு விண்ணப்பம் எழுதினாள். ஒன்பதிலும் எங்கள் வீட்டுத் தொலைபேசி எண்தான். இனி அந்த மணி அடித்தால்தான் அவளுக்கு வேலை.

இந்த நேரத்தில்தான் பேப்பரில் வரி விளம்பரப் பக்கத்தில் அந்த நாலு வரி வந்தது. 'தொலைபேசியில் இனிமையாகப் பேசத் தெரிந்த பெண்கள் தேவை. வயது தடையில்லை. நல்ல சம்பளம். உடனே அழைக்கவும்.' கீழே ஒரு எண். மற்ற எண்களைவிட இரண்டு இலக்கம் கூடுதல், அவ்வளவுதான். தனக்காகவே யாரோ உட்கார்ந்து எழுதியதுபோல் இருந்தது என்று பிறகு சொன்னாள்.

எண்ணைச் சுழற்றினாள். பதிவு செய்த ஒரு பெண் குரல், "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், இணைப்பிலேயே இருங்கள்" என்றது. வேறு யாராக இருந்தாலும் பத்து நிமிடத்தில் சலித்துப்போய் வைத்திருப்பார்கள். அக்கா வைக்கவில்லை. இணைப்பில் இருக்கச் சொன்னால் திரும்பி வருவார்கள் என்பதுதான் அவள் பத்தொன்பது வருடம் வாழ்ந்த உலகம். அவள் காக்க வைத்த யாரையும் அம்போ என்று விட்டதில்லை. இடையில் அந்தக் குரல் பெயர் கேட்டது, படிப்பு கேட்டது, ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னது. இவள் நிதானமாக, திருத்தமாகச் சொன்னாள். ஐம்பத்திரண்டாவது நிமிடம் லைன் அறுந்தது.

இங்கேதான் வேறு எவரும் செய்யாத காரியத்தைச் செய்தாள். "லைன்ல ஏதோ கோளாறு. பாவம், அந்தப் பக்கம் அந்தப் பொண்ணு தவிச்சிட்டிருப்பா" என்று சொல்லித் தானாகவே திரும்பக் கூப்பிட்டாள். முதல் அழைப்பையும் சேர்த்து மொத்தம் மூன்று தடவை. பதிவு செய்த குரலுக்காகப் பரிதாபப்பட்ட ஒரே ஜீவன் எங்கள் அக்காவாகத்தான் இருக்கும்.

மாதக் கடைசியில் பில் வந்தது. இணைப்பு என் பெயரில் இருப்பதால் உறையைப் பிரித்தது நான். என் சம்பளத்தில் முக்கால் பங்கு. அந்த எண்ணுக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று வெளியூர் அழைப்பைவிடப் பல மடங்கு போட்டிருந்தார்கள். பதினைந்து நாளில் கட்டாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று அடியில் அச்சடித்திருந்தது.

நான் தகராறு என்றாலே பத்தடி தள்ளி நிற்கிற ஆள். ஓட்டலில் தப்பாக வந்த பதார்த்தத்தைக்கூடத் திருப்பி அனுப்பாமல் சாப்பிட்டுவிட்டு வருவேன். "கடன வாங்கியாவது கட்டித் தொலைச்சிடலாம்க்கா. போன் போச்சுன்னா உன் வேலையும் போச்சு" என்றேன்.

"கட்ட மாட்டேன்டா."

"ஏன்க்கா?"

"நான் பேசினதுக்கு காசு கேட்டா குடுப்பேன். என்னை ஏமாத்தினதுக்கும் நானே காசு குடுக்கணுமா?"

மறுநாள் அந்தப் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு தொலைபேசி அலுவலகத்துக்குக் கிளம்பினாள். லீவு போட்டுவிட்டு நானும் பின்னாலேயே போனேன். சண்டை போட அல்ல, சண்டை வந்தால் இழுத்துக்கொண்டு வர.

பில் பிரிவு அதிகாரி சாந்தமான மனிதர்தான். பேப்பரின் அடியில், தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் விளம்பரத்துக்கும் கீழே, விரலால் தொட்டுக் காட்டினார். 'சில எண்களுக்குச் சிறப்புக் கட்டணம் உண்டு' என்று கடுகளவு எழுத்தில் இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் சட்டென்று தெரியாது.

"எந்த நம்பர்னு இருக்கா சார்? எவ்வளவுன்னு இருக்கா?"

"அது விளம்பரம் குடுத்தவங்களைத்தான் கேக்கணும்மா."

"சரி, அவங்க விலாசம் குடுங்க."

"விலாசமெல்லாம் வெளியில தர முடியாது."

அக்கா மேசை மேலிருந்த தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தினாள். "அப்ப நீங்களே அந்த நம்பருக்குப் போடுங்க. நாம ரெண்டு பேரும் சேர்ந்து கேப்போம். ஒரு மனுஷக் குரல் வந்துச்சுன்னா இப்பவே முழுப் பணத்தையும் கட்டிடறேன்."

அவர் நெளிந்தார். "இந்த போன்லேர்ந்து அந்த மாதிரி நம்பருக்குப் போகாதும்மா. ஆபீஸ் போன் எல்லாத்துலயும் அடைச்சு வெச்சிருக்கோம்."

"ஏன் சார்?"

"யாராவது தெரியாம போட்டுட்டா செலவு தாங்காது" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்கா எழுந்து நின்றாள். ஆஸ்பத்திரி இரைச்சலில் மூன்றாவது மாடிவரை கேட்ட தொண்டை அது. "எல்லாரும் கேட்டுக்கோங்க! இவங்க வீட்டுக் கதவுக்கு மட்டும் பூட்டு போட்டு வெச்சிருக்காங்க. நம்ம வீட்டுக் கதவ அவங்களே தொறந்துவிட்டுட்டு, திருட்டுப் போனதுக்கும் நம்மகிட்டயே பில்லு போடறாங்க!" பணம் கட்ட வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கைதட்ட வேண்டும் போலவும் இருந்தது.

பன்னிரண்டாம் நாள், இணைப்புக்கு உரியவர் நேரில் வரவும் என்று கடிதம் வந்தது. போனோம். அதே அதிகாரி ஒரு தாளை என் முன் வைத்தார். அந்த மூன்று அழைப்புகளுக்கான பணம் முழுக்கத் தள்ளுபடி, இணைப்பு தொடரும். எனக்கு மூச்சு வந்தது, பேனாவைத் திறந்தேன். நாலாவது வரியைப் படித்தேன். இந்த விஷயத்தைப் பற்றி நானோ என் வீட்டாரோ வெளியில் எவரிடமும் பேச மாட்டோம் என்று உறுதி கூறுகிறேன் என்றிருந்தது.

அக்காவும் படித்துவிட்டாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. கையெழுத்து என்னுடையது, என்னை வற்புறுத்தக் கூடாது என்று நினைத்தாள்போலும். அவள் திட்டியிருந்தால் நான் போட்டிருப்பேன். அந்த மௌனம்தான் என்னைப் பிடுங்கித் தின்றது. பத்தொன்பது வருடம் பேசியே சோறு போட்டவள். நான் படித்ததும், டயர் கிடங்கில் சேரும்வரை தின்றதும் அவள் பேச்சில்தான். அந்த வாய்க்குப் பூட்டுப் போடச் சாவியை என் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

"சார், இந்த நாலாவது வரிய எடுத்துடுங்க. கையெழுத்துப் போடறேன்."

"அது முடியாதுங்க. அப்புறம் லைன் கட் ஆயிடும்."

"ஆகட்டும் சார்" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

மூன்றாம் நாள் மாலை லைன் செத்துப்போனது. அந்த ஒன்பது இடங்களில் யார் கூப்பிட்டாலும் இனி எங்கள் வீட்டில் மணி அடிக்காது. அக்கா அழவில்லை. "போன் போனா என்னடா, வாய் இருக்கே" என்றாள். மறுநாள் காலை ஒன்பது இடங்களுக்கும் நடையாய் நடந்து, போன் ஏன் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்கடுத்த நாளிலிருந்து பணம் கட்டும் வரிசைக்குப் பக்கத்தில் போய் நின்றோம். கூட்டம் போடவில்லை, கோஷம் போடவில்லை. வருகிறவர்களிடம் அந்த விளம்பரத்தைக் காட்டி, "உங்க பில்லுல இந்த நம்பர் இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க" என்று அவள் சொல்ல, நான் விரலை வைத்து வரி வரியாகத் தேடிக் கொடுத்தேன். முதல் நாள் ஒரு லாரி டிரைவரின் மனைவி. இரண்டாம் நாள் ஒரு டீச்சரும் ஒரு வெல்டரும். மூவரும் பில்லைக் கட்டாமல், எங்களோடு வந்து சுவரோரம் நின்றுகொண்டார்கள். மூன்றாம் நாள் மகளுக்கு வேலை தேடிய ஒரு பெரியவர், பில்லைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அதைச் சற்றுமுன்தான் வரிசையில் நின்று கட்டிவிட்டிருந்தார்.

அன்று மதியம் அதிகாரியே வெளியே வந்தார். கையில் அதே தாள். நாலாவது வரியைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் தன் சுருக்கொப்பமும் போட்டிருந்தார். "இந்தாங்கம்மா. நீங்க சொன்னபடியே. லைன் சாயந்திரமே வந்துடும். இனிமே இங்க நிக்க வேணாம்" என்று தணிந்த குரலில் சொன்னார்.

அக்கா தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள். பிறகு சுவரோரம் நின்ற மூன்று பேரையும் தரையில் உட்கார்ந்திருந்த பெரியவரையும் பார்த்தாள்.

"ரொம்ப நன்றி சார். இதே மாதிரி இன்னும் நாலு கொண்டு வாங்க. கட்டினவருக்குப் பணமும் எடுத்துட்டு வாங்க. எங்க கையெழுத்தை கடைசியா போடறோம்."