மரகதத்தின் மூக்குத்தியும் ஏழு பின்களும்

மரகதம் இறந்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை, மலாக்கா ஆஸ்பத்திரியில். சிறுநீரகக் கோளாறு. வயது நாற்பத்தொன்று.

தெங்கேராவில் என் கடையைத் திறந்து, பூட்டைக் கூட இன்னும் கீழே வைக்கவில்லை, தொலைபேசி அடித்தது. அவர் தங்கை கமலா. "அண்ணே, அக்கா போயிட்டாங்கண்ணே" என்றாள். "வீட்டுக்கா? அதுக்குள்ள விட்டுட்டாங்களா?" என்று கேட்டேன். மறுமுனையில் அழுகைதான் பதிலாக வந்தது. என் மேசைக்கு அடியில், போன சனிக்கிழமை மரகதம் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போன கணினி ஒன்று கிடந்தது. அதற்குரியவர் இன்னும் வந்து எடுத்துப் போகவில்லை. அந்தக் கணினியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். சொல்லாமல் இந்த எழுத்தை முடிக்க எனக்கு உரிமை இல்லை.

பத்து பெரண்டாம் மின்னணுச் சில்லுத் தொழிற்சாலையில் அவரோடு ஒரே ஷிப்டில் வேலை செய்தவர்கள் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு அவர் தலையில் தொப்பியும் வாயில் துணியுமாக, பூதக்கண்ணாடிக்குள் கண்ணைப் பதித்து, சில்லுகளின் கால்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்த மரகதம். எனக்குத் தெரிந்தவர் வேறு. சனிக்கிழமை மத்தியானம் பஸ் விட்டிறங்கி, ஒரு கையில் குடையும் மறு கையில் பலகாரப் பொட்டலமுமாக என் கடைக்கு வருபவர்.

நான் அலுவலகங்கள் கழித்துப் போடும் பழைய கணினிகளை மொத்தமாக வாங்கி, துடைத்து, ஓடவைத்து விற்பவன். படிப்பு ஆறாம் வகுப்பு. ஆங்கிலம் விலைச்சீட்டில் கற்றது. பழைய கணினி வியாபாரத்தில் பெரிய எதிரி தூசியல்ல, அவசரம். உள்ளே கேபிளை மாட்டும் இடத்தில் குண்டூசி கனத்தில் வரிசையாகப் பின்கள் நிற்கும். கேபிளைக் கொஞ்சம் தள்ளி வைத்து அழுத்தினால் போதும், இரண்டு மூன்று படுத்துவிடும். ஒரு பின் படுத்தால் அந்தச் சாமான் வெறும் தகரம்.

முதல் முறை அவர் கடைக்கு வந்தது டார்ச்லைட் பேட்டரி வாங்க. நான் திருப்புளி முனையால் ஒரு பின்னை நெம்பிக்கொண்டிருந்தேன்.

"என்னண்ணே, பல்லு புடுங்குறீங்களா?"

"நீங்க வேறம்மா. நாலு பின்னு படுத்துக் கெடக்கு. நானூறு வெள்ளி மெஷினு."

"இப்படிக் குத்துனா நாப்பது வெள்ளிக்குக்கூடப் போவாதுலா. தள்ளுங்க."

பணப்பையிலிருந்து பஞ்சுப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே மூக்குத்தி. சிவப்புக் கல், பழைய காலத்து வேலை. தொழிற்சாலையில் நகை போடக் கூடாது என்பதால் வேலைக்குச் சேர்ந்த நாளில் கழற்றியது. கொஞ்ச காலம் ஷிப்ட் முடிந்ததும் போட்டு, மறுநாள் கழற்றி, பிறகு அலுத்துப்போய்ப் பையிலேயே வைத்துவிட்டாராம். கல்லுக்குப் பின்னால், திருகு உள்ளே ஏறுவதற்கென்று ஒரு சின்னக் குழல் இருக்குமல்லவா, சுரை என்பார்களே, அதைப் படுத்திருந்த பின்னின்மேல் மெல்லச் செருகினார். கல்லை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, மூச்சை நிறுத்தி, மயிரளவு மயிரளவாகத் தூக்கினார். பின் எழுந்து நின்றது. குறட்டால் பிடித்தால் ஒரு பக்கம்தான் அழுத்தும், சுரை சுற்றி எல்லாப் பக்கமும் தாங்கும் என்று விளக்கமும் சொன்னார். நாலு பின்னும் நின்றபிறகுதான் பேட்டரிக்குக் காசை எடுத்தார். நான் வாங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமைக்குப் பேச்சு வைத்தோம். நான் பின் ஒன்றுக்கு ஐம்பது காசு என்றேன். அவர் சிரித்தார். "அண்ணே, நான் ஒரு நாளைக்கு எத்தன ஆயிரம் காலு பாக்குறவ தெரியுமா? ஒரு வெள்ளி. ஒடஞ்சா காசு வேணாம். ஆனா ஒண்ணு. யாரு வளைச்சது, எத்தன தடவ வளைஞ்சது, அத மொதல்ல சொல்லிரணும்." ஒரு வெள்ளிக்கு ஒப்புக்கொண்டேன். மற்றதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வியாபாரிக்கு விலை மட்டும்தான் காதில் விழும்.

அந்த மற்றது எதற்கு என்று எனக்குப் புரிந்தது தோட்டத்துக் கணக்கரான கிராணி சின்னையா வந்த நாளில்.

சிம்பாங் அம்பாட் பக்கத்தில் ஒரு தோட்டம் கைமாறப் போகிறது என்று பேச்சு வந்திருந்தது. பரம்பரையாக லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்கு மாற்று வீடு தருவதாக நிர்வாகம் சொன்னது. ஆனால் யார், எந்த வீட்டில், எத்தனை காலமாக என்று பட்டியல் வேண்டும். பழைய பதிவேடுகளைக் கரையான் தின்றுவிட்டது. அந்தத் தோட்டத்துக் கிராணி சின்னையா இரண்டு வருடமாக வீடு வீடாக உட்கார்ந்து, கிழவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கணினியில் அடித்து வைத்திருந்தார். பிரதி எடுத்து வைத்த டிஸ்கெட்டுகளில் பூசணம். அலுவலகக் கணினியும் படுத்துவிட்டது. திங்கட்கிழமை கூட்டம். சனிக்கிழமை காலை, ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றித் துவாலையில் சுற்றி மோட்டார் சைக்கிளில் என்னிடம் கொண்டுவந்தார். "தம்பி, இத வேற மெஷின்ல போட்டு அச்சடிச்சுக் குடுத்துரு. மொத்தத் தோட்டமும் இதுக்குள்ளதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்குத் தேநீர் குடிக்கப் போனார்.

நான் கேபிளை ஒரு வரிசை தள்ளி வைத்து அழுத்திவிட்டேன். மூன்று பின் படுத்தது. பயத்தில் குறட்டால் பிடித்து இழுத்தேன். இரண்டு ஓரளவு எழுந்தது. மூன்றாவது, இந்தப் பக்கம் படுத்திருந்தது அந்தப் பக்கம் படுத்தது. மறுபடி இழுத்தேன். பாதியில் நின்றது.

கிராணி திரும்பி வந்தார். அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஐயா, வரும்போதே வளைஞ்சிருக்கு. தோட்டத்து ரோடு, குலுங்கி வந்திருக்கு." கடைக்கு அது முதல் வருடம். பெயர் கெட்டால் எழுந்திருக்க முடியாது என்று நினைத்தேன்.

மனிதர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பொண்டாட்டி சொன்னா, மோட்டார்ல கொண்டு போகாதீங்க, கார் புடிச்சுப் போங்கன்னு. பத்து வெள்ளிக்குப் பாத்தேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மரகதம் வரும்வரை இரண்டு மணி நேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

மரகதம் வந்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்டார். வழக்கமான பதிலைச் சொன்னேன். "ரோட்டுல குலுங்கினது. ஒரு தடவதான்."

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மூக்குத்தி பஞ்சிலேயே இருந்தது.

"ஏண்ணே, தோட்டத்து ரோட்டுக்குப் பல்லு இருக்கா?"

நான் மேசைமேல் கிடந்த குறட்டின்மேல் துணியை இழுத்துப் போட்டேன்.

"பின்னுல வரி வரியாக் கடிச்ச தடம் இருக்கு. எத்தன தடவ வளைஞ்சிச்சின்னு எனக்குத் தெரியணும். ஒரு தடவன்னா நேரா நிமித்தலாம். ரெண்டு மூணுன்னா அடி நைஞ்சு போயிருக்கும், நான் நிமித்துனா கையோட வந்துரும். கம்பி மனுசன் மாதிரி இல்லண்ணே, மன்னிக்காது."

கிராணி என்னைப் பார்த்தார். மரகதம் என்னைப் பார்க்கவில்லை, பின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்று வரை அதை ஒரு மரியாதையாகவே நினைக்கிறேன்.

"மூணு தடவ," என்றேன். "வளைச்சது நான். ஐயா மேல தப்பு இல்ல."

கிராணி எழுந்து அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. கோபம் அதற்கப்புறம்தான் வந்தது. "அட பாவி, ரெண்டு மணி நேரமா என்னய நானே செருப்பால அடிச்சிக்கிட்டு இருந்தேனேடா" என்றார். மரகதம் திரும்பாமலே, "திட்டுறத அப்பறம் திட்டுங்கய்யா, மேசை ஆடுது" என்றார்.

இரண்டு பின்னை நேராக நிமிர்த்தினார். மூன்றாவதை நிமிர்த்தவே இல்லை. சாய்ந்தபடியே விட்டு, அதன் ஓட்டையை மட்டும் குறிபார்த்து, கேபிளை அந்தச் சாய்வுக்கு ஏற்றபடி சாய்த்துச் செருகி, கடைசியில் நேராக அமர்த்தினார். "ஒரு தடவதான் போகும். கழட்டுனா முடிஞ்சது. நோண்டாதீங்க" என்றார். நான் கணினியைப் போட்டேன். பெயர்கள் திரையில் வந்தன. அச்சுப்பொறி பக்கம் பக்கமாகத் தள்ள, கிராணி ஒவ்வொரு தாளையும் சூட்டோடு எடுத்து, வீட்டு எண்ணைச் சத்தமாகப் படித்துச் சரிபார்த்தார்.

பட்டியல் திங்கட்கிழமை மேசைக்குப் போனது. எல்லோருக்கும் வீடு வந்ததா என்பது வேறு கதை, இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் பட்டியலில் பேர் இல்லை என்று ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. கிராணி மறு மாதம் அந்தப் பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தார். "வளைச்சா ஒத்துக்கிறவன் நீ ஒருத்தன்தான் இருக்கே, அதுவும் அந்தப் பொண்ணு இருந்தாத்தான்" என்றார்.

அன்று மரகதத்திடம் மூன்று வெள்ளியை நீட்டினேன். இரண்டை எடுத்துக்கொண்டார். "மூணாவது நான் நிமித்தலியே" என்றார். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ஒப்பந்தத்தை மாற்றினார்: "இனிமே பின்னுக்கு ஒரு வெள்ளி. பொய் சொன்னா ரெண்டு வெள்ளி. சரியாண்ணே?" சரி என்றேன். அதற்கப்புறம் இரண்டு முறை இரட்டை விலை கொடுத்திருக்கிறேன். இரண்டு முறையும் சண்டை போடாமல் வாங்கிக்கொண்டார், பலகாரத்தில் எனக்குப் பங்கும் வைத்தார்.

நோய் வந்தபிறகும் வருவதை நிறுத்தவில்லை. வேலையை விட்டுவிட்டார், சனிக்கிழமையை விடவில்லை. கை வீங்கியிருக்கும். மூக்குத்தியைப் பிடித்தால் மட்டும் நடுங்காது. வேலையை விட்டாச்சே, இனி மூக்கில் போடலாமே என்று ஒருமுறை கேட்டேன். "தொளை தூந்துபோச்சுண்ணே. இப்ப அதுக்கு உத்தியோகமே வேற" என்றார்.

வீட்டில் கிடத்தியிருந்தபோது கமலா அந்த மூக்குத்தியைப் போட்டுவிடப் பார்த்தாள். துளை இல்லை. கையில் வைத்து விரல்களை மூடினாள். எடுக்கும் நேரம் வந்ததும் விரலைப் பிரித்து வாங்கிக்கொண்டாள்.

என்னிடம் இருப்பது அந்த ஹார்ட் டிஸ்க். கிராணி வேண்டாம் என்று விட்டுப்போனது. கேபிளோடு அலமாரியில் இருக்கிறது. அதை நான் கழற்றியதில்லை. என் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி, மேசைக்கு அடியில் உள்ள கணினி. போன சனிக்கிழமை மரகதம் கேட்டார், யார் வளைத்தது என்று. "வரும்போதே அப்படித்தான்" என்றேன். பழக்கம். அவர் பூதக்கண்ணாடியில் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். களைத்திருந்தார். "சரிண்ணே" என்று மட்டும் சொல்லி, ஏழு பின்னையும் நிமிர்த்தி, நான் கொடுத்த ஏழு வெள்ளியை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

வளைத்தது நான்தான், மரகதம். ஒரு தடவைதான். மீதி ஏழு வெள்ளியைக் கமலாவிடம் கொடுத்துவிட்டேன், எதற்கென்றும் சொல்லிவிட்டேன். நாம் பேசியபடி: பின்னுக்கு ஒரு வெள்ளி, பொய் சொன்னால் இரண்டு.