ஒருவர்க்கான பொறியும் பலர்க்கான பொறியும்

மலேசியாவின் கோலசிலாங்கூர் ரப்பர்த் தோட்டமொன்றில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, நிருவாகி இரு கணிப்பொறிகளை என் அறையில் வைத்து, எது ஏற்றதென ஒப்பிட்டுச் சொல்லப் பணித்தார். டாஸ் இயங்குதளம் கொண்டது ஒருவர்க்கு மட்டுமே உழைத்தது. யூனிக்சு கொண்டதோ ஒரே வேளையில் பலர்க்கு உழைத்தது. ஆனால் அதனை முறைப்படி நிறுத்திய பின்பே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். எங்கள் தோட்டத்திலோ, மரப்பால் நிறுவை முடிந்ததும் ஜெனரேட்டரை அணைப்பது வழக்கம்.

அவ்வாறே ஒரு நண்பகல் அணைத்தார்கள். டாஸ் பொறி மறுபடி எழுந்தது. யூனிக்சுப் பொறி எழவில்லை. பழுதுபார்ப்பவர் நகரத்திலிருந்து வந்தே அதனை எழுப்பினார்.

“என்ன கிராணியாரே, உங்க புது மருமக இருட்டுனா மயங்கிடுறாளா?” என்று ஜெனரேட்டர் ஓட்டுபவர் சிரித்தார்.

தனி மேசைக்கு டாஸ் போதும். பல தோட்டங்களின் கணக்கை ஓரிடத்தில் நடத்த யூனிக்சே மேல், நிலையான மின்சாரம் இருந்தால். கண்டதை நிருவாகியிடம் அப்படியே சொன்னேன்.

“அப்போ அத ரவாங் தலைமை ஆபீஸ்லயே வச்சிருவோம் லா. அங்க கரண்ட் நிக்காது. எல்லாத் தோட்டத்துக் கணக்கும் அங்கயே போகட்டும்,” என்றார் அவர்.

அப்படியாயின் இங்கே கிராணிக்கு வேலையில்லை. அது விளங்கியது, ஆயினும் நெஞ்சில் எதுவும் அசையவில்லை. யூனிக்சுப் பொறியை முறைப்படி நிறுத்தித் துணியால் மூடினேன். பிறகு, ஜெனரேட்டரை இனி அணைக்கலாமெனச் சொல்லியனுப்பினேன்.