கிகுயோவின் கொடி

கனசாவாவில் சாய் ஆற்றைத் தாண்டி மேடேறினால் எங்கள் கோயில் தெரு. திரும்பிய பக்கமெல்லாம் ஒரு வாசல், வாசலுக்குப் பின்னால் ஒரு புத்தர், புத்தருக்குப் பின்னால் கல்லறைகள். வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து சுற்றிக் காட்ட இங்கே எத்தனையோ பேர் உண்டு. சும்மா சொல்லக் கூடாது, கிகுயோ மாதிரி ஒருத்தி வந்ததில்லை.

சுற்றுலா பஸ்ஸில் வழிகாட்டியாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். தொண்டை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. பழைய சீருடையின் ஆரஞ்சுக் கழுத்துத் துணியை ஒரு மூங்கில் கழியில் கட்டியிருப்பாள், அதுதான் கொடி. சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறக்காதே என்று சொல்கிற ஊர் இது. அப்படி ஊற்றுகிற மழையில் அத்தனை குடைகளுக்கும் மேலே அந்தத் துணி ஆடிக்கொண்டு போகும். யாராவது கால் வலித்துப் பின்தங்கினால், "சீக்கிரம் வாங்க" என்று ஒருநாளும் சொல்ல மாட்டாள். ஏதாவது ஒரு மொட்டைச் சுவர் முன்னால் நின்று, அந்தச் சுவரைப் பற்றி ஒரு கதை விடுவாள். பின்தங்கியவர் வந்து சேர்கிற நேரத்துக்குக் கதையும் முடிந்துவிடும். தனக்காகத்தான் கதை நீண்டது என்று அந்த மனுஷருக்கே தெரியாது. அடேயப்பா, அது என்ன சாமர்த்தியம்!

இப்படி ஊரையே அரவணைத்துப் போகிறவள் கூடப் பிறந்த அக்காவிடம் மட்டும் பேசுவதில்லை.

அம்மா செத்த அன்று கிகுயோ பஸ்ஸில் நோட்டோ கடற்கரையில் இருந்தாள். ஓடி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இழவு வீட்டில் அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் அக்கா தமாயோ வாயைத் திறந்தாள். "ஊர்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் வழி காட்டுவா. பெத்தவ சாவுக்கு வர இவளுக்கு வழி தெரியல."

அன்றைக்கு நின்றது பேச்சு. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

ஆனால் விளக்கு இருந்தது. ஜூலை மாதம் முன்னோர் வீடு திரும்பும் ஓபோன் பண்டிகை நாட்களில், எங்கள் ஊரில் கல்லறைக்குப் போகிறவர்கள் சின்னக் கூரை வைத்த காகித விளக்கு ஒன்றைக் கட்டிவிட்டு வர வேண்டும். முன்பக்கம் புத்தரின் நாமம், பக்கவாட்டில் வந்தவர் பெயர். யார் யார் வந்து போனார்கள் என்று வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். முதல் நாள் காலையிலேயே தமாயோ தன் விளக்கைக் கட்டிவிட்டுப் போவாள். மாலையில் கிகுயோ வந்து, அக்காவின் கோணல் எழுத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் தன்னுடையதைக் கட்டுவாள். இருக்கிறாள், நடமாடுகிறாள், போதும். அவ்வளவுதான் இருவருக்கும் இடையே இருந்த பேச்சுவார்த்தை.

இந்த வருஷம் முதல் நாள் அக்காவின் விளக்கு இல்லை. இரண்டாம் நாளும் இல்லை.

"ஒரு போன் பண்ணிக் கேட்டா என்ன? வாயில இருக்குற முத்தா உதிர்ந்துடும்?" என்றாள் தோஃபு கடை சுமி.

"செத்திருந்தா யாராவது சொல்லி அனுப்பியிருப்பாங்க" என்றாள் கிகுயோ. அதைச் சொல்லிவிட்டு, வாங்கிய தோஃபுவைக் கடையிலேயே மறந்துவிட்டுப் போனாள். அவளுக்கு உள்ளுக்குள் எப்படி அடித்துக்கொண்டது என்று சுமிக்குத் தெரியாதா?

மூன்றாம் நாள் காலை மழையோடு ஒசாகாவிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அதில் குவாபரா என்று ஒருவர், வாய் சும்மா இருக்காத ஆள்.

"அம்மா, இத்தனை கோயிலையும் சுத்தினா எங்களுக்குச் சொர்க்கம் நிச்சயந்தானே?"

"உங்க வாயை வெளியில விட்டுட்டு வந்தா நிச்சயம்" என்றாள் கிகுயோ. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் கண் மட்டும் ஒவ்வொரு வாசலுக்குள்ளும் போய்ப் போய் வந்தது.

அவர்கள் முதலில் நுழைந்தது தாமரைச் சூத்திரத்தை ஓதுகிற ஒரு கோயில். அங்கே விளக்குகளில் அந்தச் சூத்திரத்தின் நாமம்தான் இருக்க வேண்டும்; அமிதா புத்தரை வணங்குகிற கோயில்களில் அமிதாவின் நாமம். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருப்பார்கள். மாற்றி வாங்கி வந்து அசடு வழிகிறவர்கள் வருஷா வருஷம் உண்டு. கிகுயோவின் சுற்றுலாவில் அதுதான் பெரிய வேடிக்கை: "இழவுக்குக் கட்டுற கறுப்பு டையைக் கல்யாண வீட்டுக்குக் கட்டிக்கிட்டுப் போன மாதிரி!"

அன்றும் அதைச் சொன்னாள். சொல்லி வாய் மூடவில்லை, குவாபரா கத்தினார்.

"அம்மா! இங்க ஒரு கறுப்பு டை தொங்குது! எந்தப் புத்திசாலி இது?"

யோனெடா என்று பெயர் வெட்டிய ஒரு கல்லறை. முன்னால் அமிதா நாமத்தோடு ஒரே ஒரு விளக்கு. கல் மாடத்துக்குள் வைத்த ஊதுபத்தி பாதிகூட எரியவில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தார்கள். கிகுயோவும் குனிந்தாள். பக்கவாட்டில் அந்தக் கோணல் எழுத்து.

அவள் பிறந்த வீட்டின் குடும்பப் பெயரும் யோனெடாதான். ஆனால் அது வேறு யோனெடா. அம்மாவின் கல் நாலு வாசல் தள்ளி, அமிதா கோயிலில் இருந்தது. விளக்கு சரிதான். கல்தான் தப்பு.

"எங்க அக்கா" என்றாள் கிகுயோ.

சிரிப்பு அப்படியே நின்றது. குவாபரா தொப்பியைக் கழற்றிவிட்டார்.

ஊதுபத்தி எரிகிறதென்றால் ஆள் தூரம் போயிருக்க முடியாது. கிகுயோ சுற்றிப் பார்த்தாள். பிரதான மண்டபத்துப் படியில், நனைந்த குடையை மடியில் வைத்துக்கொண்டு தமாயோ உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு சுருங்கிப்போயிருந்தாள்! கிகுயோ கொடியோடு எதிரே போய் நின்றாள்.

தமாயோ நிமிர்ந்து பார்த்தாள். தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முகம் சிவந்தது.

"நேத்தும் வந்தேன், முந்தாநாளும் வந்தேன். அம்மா கல்லு அகப்படல. விளக்கைத் திரும்ப வீட்டுக்கே தூக்கிட்டுப் போனேன்" என்றாள். "இன்னைக்குப் பேரைப் பார்த்துக் கட்டிட்டேன். கட்டினப்புறம் பார்த்தா, கல்லுக்குப் பின்னால அம்மா பேரு இல்ல. எல்லா வாசலும் ஒரே மாதிரி இருக்குடி. எவன் கட்டினான் இந்தத் தெருவை?"

பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கிகுயோ நெஞ்சுக்குள் ஊறவைத்திருந்த பதில் இதோ நாக்கு நுனியில். பெற்றவளிடம் போக யாருக்கு வழி தெரியவில்லை? கேட்டிருந்தால் நாங்கள் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

அவள் போய், தப்பான கல்லிலிருந்து விளக்கை அவிழ்த்தாள். அந்த வேறு யோனெடாக்களிடம் ஒரு கும்பிடு போட்டு மன்னிப்புக் கேட்டாள். விளக்கை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பி, பஸ் குரலை எடுத்தாள்.

"எல்லாரும் கவனிங்க! அடுத்து, அட்டவணையில இல்லாத ஒரு இடம் பார்க்கப் போறோம். எங்க அம்மா இருக்குற இடம். இந்தக் கோயிலுக்கும் அந்தக் கோயிலுக்கும் வாசலைப் பார்த்தா வித்தியாசமே தெரியாது, உள்ளூர்க்காரங்களே ஏமாறுவாங்க. அதனால யாரும் கூட்டத்தை விட்டுப் பிரியாதீங்க."

யாரும் பிரியவில்லை. குவாபரா தன் பெரிய குடையைத் தமாயோவின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, வாயே திறக்காமல் நடந்தார். தமாயோ மெல்லத்தான் நடந்தாள். கிகுயோ ஒரு சுவர் முன்னால் நின்று கதை விட்டாள். இன்னொரு சுவர் முன்னால் நின்று இன்னொரு கதை விட்டாள். கதை எதற்காக நீள்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஒருவரும் அவசரப்படவில்லை.

மழை வலுத்தது. முன்னால் ஒரே குடைமயம்.

"ஏ கிகுயோ!" பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது, அதே பழைய அதட்டல். "கொடியை இன்னும் தூக்கிப் பிடிடி. நீ எங்க போறேன்னு எனக்குத் தெரியல."

கிகுயோ திரும்பவில்லை. திரும்பினால் முகத்தைக் காட்ட வேண்டியிருக்கும். கையை எட்டுமட்டும் உயர்த்திப் பிடித்தாள்.