பன்னீர்க்குடம் வாங்கப் போனவன்

என் அப்பா என்னை முதன்முதலாகப் பார்த்தபோது நான் நடக்கப் பழகியிருந்தேன். வாளையாறு வழியாகச் சிமெண்டு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரிக்காரர் அவர். அந்தத் தடவை போனவர், ஒரு லோடு இறக்கினால் அங்கேயே இன்னொரு லோடு என்று சுற்றிக்கொண்டே இருந்துவிட்டார். வீடு வந்து இறங்கியபோது தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு அம்மணமாக நின்ற என்னைக் காட்டி, "யாரு பையன் இது?" என்று கேட்டிருக்கிறார்.

"பக்கத்தூட்டுப் பையனுங்க. வேணும்னா வெச்சுக்கறீங்களா?" என்றாளாம் அம்மா.

பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊர் பெருமாட்டியில் இந்தக் கதை தெரியாத ஆள் கிடையாது. கல்யாண வீடு, இழவு வீடு எங்கே போனாலும் அம்மா இதைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாள். இழவு வீட்டில் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுவாள், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் சின்ன வயதிலேயே நான் ஒரு முடிவு எடுத்திருந்தேன். எனக்கு ஒரு குழந்தை பிறந்தால், அந்த நேரத்தில் நான் அங்கே நிற்க வேண்டும். அது கண் திறந்து பார்க்கிற முதல் ஆம்பளை மூஞ்சி என்னுடையதாக இருக்க வேண்டும். கண்ணாடியில் நானே இரண்டாவது தடவை பார்க்க யோசிக்கிற மூஞ்சிதான். ஆனாலும் அப்பன் மூஞ்சி என்று ஒன்று வேண்டுமல்லவா.

சிக்கல் என்னவென்றால் நான் இருந்தது ஷார்ஜாவில். ஒரு சலவைக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறேன். நாலாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பது இன்றுவரை தீராத வழக்கு. என் மனைவி அப்படியில்லை, பிளஸ் டூ பாஸ். சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள், வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். திருப்பூர் பனியன் கம்பெனியில் இரண்டு பேரும் வேலை செய்தபோது பழக்கம். எங்கள் வீட்டில் பேசுவது கோயமுத்தூர்ப் பக்கத்துத் தமிழ். அவர்கள் வீட்டில் பேசுவது மதுரை, திருநெல்வேலியிலிருந்து மலையேறிப் போன தமிழ். இரண்டு சம்பந்தியம்மாக்களும் உட்கார்ந்து பேசினால் பாதிக்குப் பாதி தலையாட்டல்தான். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஷார்ஜாவில் நாங்கள் இருந்தது வீடு என்று சொல்ல முடியாது. ஒரு ஃபிளாட்டை அட்டைச் சுவர் வைத்து மூன்றாக்கி, அதில் ஒரு துண்டை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். பக்கத்துத் துண்டில் ஒரு மலையாளிச் சேச்சி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் தும்மினால் நாங்கள் இந்தப் பக்கமிருந்து "நூறாயுசு" சொல்லுவோம். இந்த லட்சணத்தில் நாங்கள் குழந்தைக்குத் திட்டம் போட்டோம்.

ஒருநாள் நான் ரகசியமாக, "ஏம்புள்ள, இந்த வருசமே பெத்துக்கலாமா?" என்று கேட்டேன்.

அவள் வாயைத் திறப்பதற்குள் சுவர் பதில் சொன்னது. "இப்போ வேண்டா மோனே. கணக்குப் பார்த்தா சூட்டுல பிரசவம் வரும். ரெண்டு மாசம் கழியட்டே."

அன்றிலிருந்து சேச்சியும் கமிட்டியில் ஒருவர். ஊரில் அம்மா வேறு ஒவ்வொரு போனிலும், "விசேசம் ஏதாச்சும் உண்டா?" என்று கேட்பாள். "இங்க புதுசா ஒரு பாலம் கட்டறாங்கம்மா" என்பேன். போன் கட்டாகிவிடும்.

எங்கே பெற்றுக்கொள்வது என்பதுதான் பெரிய விவாதமாக இருந்தது. அங்கேயே பெற்றுக்கொண்டால் நான் பக்கத்திலேயே இருக்கலாம், என் சபதமும் நிறைவேறும். ஆஸ்பத்திரியெல்லாம் கல்யாண மண்டபம் மாதிரி மினுங்கும். ஆனால் பெற்றபிறகு? பிள்ளையைக் குளிப்பாட்டுவது யார், அவளுக்குப் பத்தியம் பொங்கிப் போடுவது யார்?

"நான் பொங்கறேன்" என்றேன்.

"ஒங்க ரசத்தக் குடிச்சிட்டு நம்ம ரூம் பூனையே வேற ஃபிளாட்டுக்குப் போயிருச்சு. தலப்பிரசவம் எங்கம்மா வீட்லதாங்க" என்றாள் மனைவி.

சுவர் இருமியது. சேச்சியும் அவள் கட்சி.

ஆக, திட்டம் இப்படி முடிவானது. ஏழாம் மாதத்தில் அவள் ஊருக்குப் போய்விட வேண்டும். அதற்கு மேல் தள்ளிப்போட்டால் விமானத்தில் ஏற்ற யோசிப்பார்கள், டாக்டர் கடிதம் கேட்பார்கள். பிரசவத்துக்கு நான் லீவு போட்டு வந்து சேர வேண்டும். பிள்ளைக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஒரே தேதியில் ஒப்பந்தம் போடுகிற வேலை இது. கம்பெனி கூட ஒத்துக்கொள்ளும், பிள்ளைக்கு யார் சொல்வது.

விசேஷம் என்று தெரிந்ததும் கிளினிக்குக்குப் போனோம். மலையாளி டாக்டரம்மா எழுதிக்கொண்டே, "லாஸ்ட் பீரியட் எப்போழா?" என்று கேட்டார். என் மனைவி வெட்கப்பட்டுக் குனிந்தாள். படித்தவளே முழிக்கிறாளே என்று நான் முந்திக்கொண்டு, "நாலாங்கிளாஸ்ல கணக்குப் பீரியட்ங்க. வாத்தியார் வெளிய நிறுத்திட்டாரு" என்றேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையும் வெளியே நிறுத்தினார்.

டாக்டர் வாரக் கணக்கில் ஒரு தேதி சொன்னார். எங்கள் மேனேஜர், உலகம் முழுக்க ஒன்பது மாதம்தானே என்றார். அம்மாவோ, "பத்து மாசஞ் சொமந்து உன்னப் பெத்தேன், நீ ஒன்பதுங்கற" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். தலைப்பிள்ளை தள்ளித்தான் வரும் என்றது சுவர். நான் எல்லோர் மனமும் நோகாமல், டாக்டர் தேதிக்குக் கொஞ்சம் முன்னால் ஊரில் இறங்குகிற மாதிரி லீவு வாங்கினேன்.

மனைவி முன்னால் போனாள். சின்னக்கானலில் வளைகாப்பு நடந்தது. நான் வேனை ஓரம் நிறுத்திவிட்டு வீடியோவில் பார்த்தேன். அத்தை, அதாவது என் மாமியார், வந்தவர்கள்மேல் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார். பன்னீர் நான் ஷார்ஜாவிலிருந்து அனுப்பியது. பன்னீர்ச் செம்பு, எஸ்டேட் கணக்கப்பிள்ளை வீட்டில் இரவல் வாங்கியது. கழுத்து நீண்ட பழைய செம்பு, கழுத்து ஆடிக்கொண்டிருந்தது.

"பாத்துங்க அத்த, கழுத்து கழண்டு வந்துரும்போல" என்றேன்.

"மாதாவே, இது ஒடஞ்சா அந்தம்மா மொகத்துல எப்படி முழிப்பேன். ஞானஸ்நானம் முடிஞ்சதும் பத்திரமாக் குடுத்துரணும்" என்றார் அத்தை. இதை மட்டும் என் மண்டை எப்படியோ பத்திரமாக வைத்துக்கொண்டது.

கோயமுத்தூரில் வந்து இறங்கினேன். நேராக மலைக்குப் போகத்தான் ஆசை. "பெத்தவ ஒருத்தி இங்கிருக்கறேன், ஒரு ராத்திரி தங்கினா ஒட்டிக்குமாக்கும்" என்றாள் அம்மா. டாக்டர் சொன்ன தேதிக்குத்தான் நாள் இருக்கிறதே என்று பெருமாட்டியில் தங்கினேன்.

மறுநாள் காலையில் அம்மா தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்கு வாய்க்கால் வெட்டப் போய்விட்டாள். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அத்தையிடமிருந்து போன். மலையில் சிக்னல் விட்டு விட்டு வரும். அதோடு மருமகனிடம் பேசும்போது அத்தைக்குக் குரலே எழும்பாது.

"மாப்ள... பன்னீர்க்கொடம் ஒடஞ்சிருச்சு."

எனக்குப் பாவமாக இருந்தது. கணக்கப்பிள்ளை வீட்டுச் செம்பு. "விடுங்க அத்த. ஒடஞ்சா ஒடஞ்சுட்டுப் போவுது. நீங்க மனசப் போட்டு ஒலப்பிக்காதீங்க. நான் வாங்கியாறேன்."

அந்த 'வாங்கியாறேன்' மலை ஏறிப் போவதற்குள் 'வாங்கி'யை எங்கேயோ போட்டுவிட்டு வெறும் 'வாரேன்' ஆகிவிட்டது போலிருக்கிறது. அத்தை நிம்மதியாக, "சரி மாப்ள, சீக்கிரமா வாங்க" என்றார்.

சீக்கிரமாக வாங்கச் சொல்கிறார் என்று நானும் புரிந்துகொண்டேன். 'வாங்க' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வேலை பார்க்கிற பாஷை நம்முடையது. என்மேல் மட்டும் பழி போடக் கூடாது.

பக்கத்து வீட்டுப் பால் வண்டியை, ஒரு குட்டி வேன்தான், இரவல் வாங்கிக்கொண்டு, காலிக் கேன்கள் கடகடக்கக் கொழிஞ்சாம்பாறைக்குப் போனேன். அங்கே ஒரு ராவுத்தர் பாயின் பாத்திரக்கடை. தாடி வெளுத்த பாய் நாலைந்து செம்புகளை எடுத்து வைத்தார். கழுத்து ஆடாததாகப் பார்த்து ஒன்றை எடுத்து, காசும் கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் ஒரு சந்தேகம் வந்தது.

"பாய், இது செம்புங்களே. எங்கத்த கொடம்னு சொன்னாங்க. இதுலயே பெரிசா ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"பன்னீருக்குக் கொடமா? எத்தன பேருக்குத் தம்பி தெளிக்கப் போறீங்க?"

"தெளிக்கறதுக்கில்லீங்க. பழசு ஒடஞ்சு போச்சாம். பன்னீர்க்கொடம் ஒடஞ்சிருச்சு, சீக்கிரமா வாங்கன்னு காலைல போன் வந்துச்சுங்க."

பாய் பில் புத்தகத்தை மூடினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஊட்டுக்காரம்மா எங்க இருக்காங்க?"

"அவங்கம்மா ஊட்லதானுங்க. மாசமா இருக்கறாங்க."

"அட அல்லாவே" என்று பாய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "தம்பி, ஒடஞ்சது பாத்திரமில்ல. வயித்துக்குள்ள புள்ள இருக்கற தண்ணிப்பை. அதத்தான் தெக்கத்திப் பக்கம் பன்னீர்க்கொடம்பாங்க. பிரசவம் ஆகப்போகுது. நீங்க என்னடான்னா ஏங்கடைல செம்புக்குக் கழுத்து ஆட்டிப் பாத்துட்டிருக்கறீங்க."

போன் போட்டேன். அத்தை எடுத்தார், பின்னால் ஜீப் முனகுகிற சத்தம்.

"போடிமெட்டு எறங்கிட்டு இருக்கோம் மாப்ள. கீழ போடி ஆஸ்பத்திரிக்கு. நீங்கதான் வாரேன்னு சொன்னீகளே, எங்கன வந்துட்டிருக்கீக?"

"பக்கத்துலதானுங்க அத்த" என்றேன். கொழிஞ்சாம்பாறைக்கும் போடிக்கும் நடுவில் பொள்ளாச்சி, உடுமலை, பழனி எல்லாம் இருக்கின்றன.

ஓடும் வழியில் வாய்க்கால் கரையில் நிறுத்தி, மண்ணும் மண்வெட்டியுமாக நின்ற அம்மாவை ஏற்றினேன். விஷயத்தைச் சொன்னேன். வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் எல்லோரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்கள்.

"எடுபட்டவனே, தண்ணிக்கொடம் ஒடஞ்சதுக்கு நீ சாமான் வாங்கப் போனியா?" என்றாள் அம்மா.

"தண்ணிக்கொடம்னு சொல்லியிருந்தா எனக்கு வெளங்கியிருக்குமம்மா. அவங்க பன்னீருன்னாங்க."

"வெளங்கியிருக்கும். தண்ணி லாரிக்குப் போன் பண்ணியிருப்ப."

உண்மையிலேயே செய்திருப்பேன்.

ஷார்ஜாவில் வலது பக்கம் ஓட்டிப் பழகிய கை, பொள்ளாச்சி தாண்டுகிறவரை ஒவ்வொரு திருப்பத்திலும் எதிரே வந்தவர்களைக் கும்பிட வைத்தது. அம்மா மாரியாத்தாவுக்கு ஒரு சேவல் நேர்ந்தாள். பழனி வந்ததும் முருகனுக்கு என் முடியை நேர்ந்தாள். வத்தலக்குண்டு வரும்போது, "அவங்க மாதாவுக்கு என்னடா நேருவாங்க?" என்று கேட்டாள். மெழுகுவத்தி என்றேன். "அதுலயும் ரெண்டு" என்றாள். இடையிடையே, "உங்கப்பனாச்சு லாரில இருந்தாரு, புத்தி கெட்டு நிக்கல" என்று சேர்த்துக்கொண்டாள். எனக்குள் ஒரே ஒரு ஓட்டம்தான் இருந்தது. நான் போய்ச் சேருவதற்குள் வந்துவிடாதே சாமி, அப்பனைப் பார்த்து "யாரு இந்தாளு"ன்னு நீ கேக்கற மாதிரி ஆக்கிடாதே.

போடி ஆஸ்பத்திரிக்குள் வண்டியைக் கொண்டுபோய் வாசலிலேயே நிறுத்தினேன். அத்தை பிரசவ அறை வாசலில் ஜெபமாலையோடு நின்றார். "இன்னும் ஆகல மாப்ள. ஒங்களத்தான் கேட்டுட்டே உள்ள போனா" என்றார். ஜெயித்துவிட்டேன்.

அப்போது வாட்ச்மேன் வந்தார். "யோவ், பால் வண்டி யாருது? ஆம்புலன்ஸ் எப்படிய்யா வரும்? எடுய்யா."

"கொஞ்சம் பொறுங்கண்ணே, புள்ள பொறக்கப்போவுது."

"இங்க எல்லாருக்கும் புள்ளதான் பொறக்கும். எடுய்யா."

வண்டியை எடுத்தேன். இடம் கிடைக்காமல் ஆஸ்பத்திரியைச் சுற்றினேன். கடைசியில் ஒரு வேப்பமரத்தடியில் சொருகிவிட்டு, பதட்டத்தில் சீட்டில் கிடந்த செம்பையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

அத்தை கையில் ஒரு துணி மூட்டை இருந்தது. உள்ளே சிவந்து சுருங்கி, கிழவன் மாதிரி ஒரு முகம். அறை வாசலில் வேறு குடும்பங்களும் நின்றிருந்தன. நான் வண்டி நிறுத்தப் போன நேரத்துக்குள் என் பிள்ளை பிறந்திருக்கும் என்று என் மண்டைக்கு எட்டவில்லை. அடுத்தவர் பிள்ளையை அத்தை வாங்கி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

மூச்சு வாங்கக் கேட்டேன். "யாரு புள்ளைங்க அத்த இது?"

அத்தைக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது. மண் காயாத காலோடு பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்டுபிடிக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"பக்கத்தூட்டுப் புள்ளடா. வேணும்னா வெச்சுக்கறயா?" என்றாள்.

அந்த நேரம் நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "பொம்பளப் புள்ளையோட அப்பா யாருங்க? அம்மா கேக்குறாங்க."

அம்மா என்னைக் கை காட்டினாள். "அதா, பன்னீர்ச் செம்போட நிக்குது பாருங்க. அதுதான்."

உள்ளே போனேன். மனைவி களைத்துப் படுத்திருந்தாள். அவள் கண் என் முகத்துக்கு வருவதற்கு முன்னால் என் கைக்குப் போனது.

"இது என்னங்க?"

"ஒண்ணுமில்ல" என்றேன். "ஞானஸ்நானத்துக்கு."