மஜீட் நானாவின் ஆனை வெடி

ஏறாவூர் மஜீட் நானாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளிச் சாரதியை நான் கண்டதில்லை. சவூதிப் பாலைவனத்தில் வருடக்கணக்காக லொறி ஓட்டிய மனுசன். ஆனால் வாவிக்கு மேற்கே, யானைகள் திரியும் பழுகாமம் பக்கம் வான் வண்டியைத் திருப்பினால் போதும். நெற்றி வேர்த்துவிடும், வாய் ஓதத் தொடங்கிவிடும்.

"என்ன நானா, பேயக் கண்டயளா?" என்று கேலி பண்ணுவேன்.

"சிரி புள்ள, சிரி. ஆனைய நேர கண்டாத்தான் தெரியும்" என்பார். சீட்டுக்கு அடியில் எப்போதும் ஓர் ஆனை வெடி வைத்திருப்பார். வயலுக்குள் இறங்கும் யானைகளை விரட்டுகிற பெரிய வெடி. எங்கே எடுத்தார் என்று கேட்டால் முறைப்பார்.

அவருடைய வானில்தான் இந்த வருடம் ஆபிரிக்காவிலிருந்து வந்த ஐந்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு திரிந்தோம். தங்கள் நாடுகளில் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத் தலைமை தாங்கப் பழகுகிறவர்கள். யானைக்குப் பக்கத்தில் சனங்கள் எப்படிச் சீவிக்கிறார்கள் என்று பார்க்க வந்திருந்தார்கள். தக்ஷாயினி ஆகிய நான் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர். பயிற்சியில் ஒரு கட்டளை உண்டு: ஒவ்வொரு நாளும் ஒருவர் தலைவர், அன்றைக்கு அவர் சொன்னால் சாரதியும் கேட்க வேண்டும். நானாவுக்கு அது அறவே பிடிக்காது. "சின்னப் புள்ளயள் சொல்லியா நான் பிரேக் அமத்துற?" என்று பொருமுவார்.

அன்றைக்குத் தலைமை மலாவிப் பெண் தந்திவேக்கு. வந்த நாள் முதல் வாய் திறக்காதவள். இன்றைக்கு உருப்பட்ட மாதிரித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அறுவடை முடிந்து வட்டை, அந்தப் பெரிய வயல்வெளி, வெறுமையாகக் கிடந்தது. உகண்டாக்காரன் ஒக்கெல்லோ யானை லத்தி கிடப்பதைக் கண்டு, கிட்டப் போய்ப் பார்க்கக் கேட்டான். தந்திவே தலையாட்டினாள். பட்டப்பகல்தானே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அவன் வயலுக்குள் நல்ல தூரம் போனபிறகு, பற்றைக்காட்டுக்குள்ளிருந்து ஒரு தனியன் யானை வெளியே வந்தது. வானுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றது. காதை விரித்துக்கொண்டு அவனையே பார்த்தது.

ஒரு தாய் பெற்ற பிள்ளையைக் கடல் கடந்து கூட்டிவந்து இப்படி நிறுத்திவிட்டோமே!

"யா அல்லாஹ்!" மஜீட் நானா வெடியை இழுத்தெடுத்துத் தீப்பெட்டியை உரசப் போனார். பின்சீட்டிலிருந்து பாய்ந்து வந்த தந்திவே அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கைய விடச் சொல்லு புள்ள! என்ட தம்பி ஷிஹானயும் இப்பிடி வட்டைக்குள்ள வெச்சித்தான் ஆனை அடிச்ச. விடச் சொல்லு!"

தம்பியைப் பற்றி அவர் அதற்கு முன் ஒரு சொல் சொன்னதில்லை. நான் தட்டுத்தடுமாறி மொழிபெயர்த்தேன். தந்திவே கையை விடவில்லை. "இங்கே வெடித்தால் யானை எந்தப் பக்கம் ஓடும்? ஒக்கெல்லோவின் மேலேதான் ஓடும். அதைச் சொல்லுங்கள்" என்றாள்.

சொன்னேன். அவர் கையிலிருந்து தீப்பெட்டி விழுந்தது.

எஞ்சினை நிறுத்தச் சொன்னாள். யாரும் அசையக் கூடாது என்றாள். கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி, ஓடாதே, இடப்பக்கம் போ என்று ஒக்கெல்லோவுக்குச் சைகை காட்டினாள். அவன் யானையைப் பார்த்தபடியே பக்கவாட்டில் அடி எடுத்து வைத்தான். ஓரிடத்தில் கால் இடறியது. யானை இரண்டடி முன்னால் வந்தது. பாவி, விழுந்துவிடாதே! தந்திவே உள்ளங்கையை விரித்து நில் என்றாள். நின்றான். பிறகு நட என்றாள். யானை தும்பிக்கையால் புழுதியை அள்ளி முதுகில் எறிந்துவிட்டு, கடைசியில் பற்றைக்குள்ளேயே திரும்பிப் போனது.

ஒக்கெல்லோ வானுக்குள் ஏறியதும் எல்லோரும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதோம், சிரித்தோம். மஜீட் நானா மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

"புள்ள, வெடி போட்டா ஆனை மத்தப் பக்கம்தான் ஓடுமா?"

"ஓம் நானா. சத்தத்துக்கு விலகித்தானே ஓடும்."

"ஷிஹான் மத்தப் பக்கம்தான் நிண்ட" என்றார். "அவனக் காப்பாத்தத்தான் நான் வெடி போட்ட."

அவர் என்ன சொல்கிறார் என்று தந்திவே என்னைக் கேட்டாள். மொழிபெயர்ப்பதுதான் என் தொழில். அதை மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.