வெர்னாவின் தம்பிக்கு நட்ட கட்டை

வெர்னா பாஸ்கோ இந்தப் பண்ணையிலேயே பிறந்தவள். அவள் அம்மா, ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்க வருகிறவர்களுக்குச் சமைத்துப் போட்டவள். ஆடுகள் போய், முதலாளி வீடு காட்சிக்கூடமாகி, பின்பக்கம் சுற்றுலா வருகிறவர்கள் கேரவன் வண்டிகளை நிறுத்தித் தங்குகிற இடமாகிவிட்டது. வெர்னா இப்போது அங்கே கழிப்பறை கழுவுகிறாள். நான் தண்ணீர் மோட்டார் பார்க்கிறவன்.

முதலாளி குடும்பத்துக் கல்லறைகளுக்குப் பளிங்கு என்ன, இரும்பு வேலி என்ன! வேலைக்காரர்கள் வேலிக்கு வெளியே. எங்களுக்குக் கல் ஏது? தலைமாட்டில் ஒரு கிட்ஜி மரக்கட்டையை நடுவோம். கரையான்கூடத் தொடாது. வெர்னாவின் தம்பி கெல்வின், சின்ன வயதில் குதிரை உதைத்துச் செத்தவன், அங்கேதான் கிடந்தான். மற்ற கட்டைகளை வெள்ளம் கொண்டுபோக, மிஞ்சியது அவனுடையது மட்டும்.

"அந்த ஒண்ணைச் சுத்தியாவது வேலி போடுங்க" என்று மேனேஜர் ட்ரென்டிடம் அவள் கேட்காத வருஷம் இல்லை.

"அடுத்த சீசன் பாக்கலாம்" என்பான், கடன்காரன்.

போன குளிரில் ஒரு சாயங்காலம், கேரவன்காரர்கள் வழக்கம்போல நெருப்பைச் சுற்றி நாற்காலி போட்டிருந்தார்கள். லயல் என்ற பெரியவர் எங்களையும் கூப்பிட்டார்.

"வாங்க வெர்னா, குளிர் காயுங்க."

அவளும் கையை நீட்டி உட்கார்ந்தாள். "நெருப்பு ஜோரா எரியுதே!" என்றேன்.

"எரியாம? கிட்ஜியாச்சே! அந்த இரும்பு வேலிக்குப் பின்னால ஒத்தைக் கம்பம் சும்மா நின்னுச்சு. பிடுங்கறதுக்குள்ள இடுப்பு போச்சு!" என்றார் லயல்.

எல்லாரும் சிரித்தார்கள். வெர்னா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"அது சமாதிய்யா, அறிவு இருக்கா உனக்கு? இவ தம்பி சமாதி!"

லயல் அழுதே விட்டார். கட்டை இருந்த குழியைக் காட்டுகிறேன் என்று எங்களோடு ஓடினார். ஆனால் யாராவது கால் இடறி விழுவார்களே என்று, நல்ல மனுஷன், அதை மூடி மிதித்துச் சமமாக்கியிருந்தார். அந்தச் செம்மண் வெளியில் அவருக்கே இடம் பிடிபடவில்லை. வெர்னா மண்டியிட்டுக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். எல்லாம் ஒரே மண்.

வேலிக்கு வழியில்லாத ட்ரென்ட், அந்த வாரமே பித்தளைப் பலகை ஒன்று வைத்தான். கார் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில். 'பண்ணைத் தொழிலாளி ஒருவர் இங்கே உறங்குகிறார்.' பேர் கிடையாது.

"சரியான இடம்தான் தெரியலையே வெர்னா. இங்கன்னா ஜனங்க பாக்க வசதி. கழிப்பறை முடிச்சுட்டு இதையும் ஒரு துடை துடைச்சிடு."

துடைக்கிறாள். நேற்று படம் எடுக்க வந்த ஒரு பெண் கேட்டாள், "உங்க சொந்தக்காரரா?"

"இங்க யாருமில்ல" என்றாள் வெர்னா. "தள்ளி நில்லுங்க, ஈரமா இருக்கு."